திருக்கணிதமும் திருத்தும் பணியும்: சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரின் வாழ்க்கைப்பணி

முன்னுரை

2019 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு மறுநாள். அன்று காலையில் கொங்கு நாட்டின் பெரும்பகுதி ஒரு வளைய சூரிய கிரகணத்தைக் கண்டது. ஆனைமலையில் நம் ஆலய வளாகத்தில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் கூடியிருந்தனர். அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே வரும் ஒளி வெள்ளைத் தாளில் விழுமாறு பிடித்துக் காட்டினோம். தாளில் விழுந்த சிறு சூரியன் பிறையாகத் தேய்ந்துகொண்டே வந்தது. அப்போது ஒரு சிறுவன், "ஐயா, இத்தனை மணிக்குக் கிரகணம் வரும் என்று முதலில் கணக்குப் போட்டவர் யார்?" என்று கேட்டான். கெப்ளர் என்றும் நியூட்டன் என்றும் நாம் கற்ற பெயர்களைச் சொன்னோம். "நம்ம ஊர்ப் பக்கத்தில் யாரும் இல்லைங்களா ஐயா?" என்று அவன் மீண்டும் கேட்டான். விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். அதைத் தொடர்ந்து சென்றபோது, 1871 டிசம்பர் 12 அன்று நம் கொங்கு நாட்டு அவிநாசியிலேயே ஒரு முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வந்திருந்த குழுவில் இந்தியர் ஒருவர் இருந்தார் என்று அறிந்தோம். அவர் சென்னை வானாய்வுக் கூடத்தின் முதல் உதவியாளராகிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். புதிய வானியலின் கருவிகளோடு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பழகியவர். தம் முன்னோரின் கணக்கில் பிழை கண்டபோது அவர் அதை மறைக்கவுமில்லை, முன்னோரை இகழவுமில்லை. அவர் செய்தது என்ன என்பதை இறையியல் மாணவரும் போதகரும் அறிந்துகொள்ளுதல் நன்று.

வாக்கியமும் கண்ணும்

தமிழ்நாட்டில் இன்றும் இரு வகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. ஒன்று வாக்கியப் பஞ்சாங்கம். மற்றொன்று திருக்கணிதப் பஞ்சாங்கம். இரண்டுக்குமுள்ள வேறுபாடு சிறிதன்று. திருக்கணிதத்தின்படி சனி மீன ராசிக்குப் பெயர்ந்த நாள் 2025 மார்ச்சு 29. வாக்கியத்தின்படியோ அது 2026 மார்ச்சு மாதம். ஒரே கோளின் நகர்வைக் குறித்து இரண்டு கணக்குகள் ஓராண்டுக்குச் சற்றே குறைய வேறுபடுகின்றன. அயலவர் இதைக் கண்டு நகைப்பதுண்டு. ஆயினும் இந்த வேறுபாட்டின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

வாக்கியம் என்பது மனப்பாடம் செய்யத்தக்க சிறு தொடர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. தொடரைச் சொன்னால் எண் கிடைக்கும். சந்திரனின் இடத்தைக் கூறும் வாக்கியங்கள் 248. சந்திரன் பூமிக்கு அண்மையில் வந்து, விலகி, மீண்டும் அண்மைக்கு வர ஏறத்தாழ இருபத்தேழரை நாள் ஆகிறது. அத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் ஏறத்தாழ 248 நாள். ஆதலால் 248 தொடர்களை நெஞ்சில் நிறுத்திய ஒருவர் ஏடும் எழுத்தாணியுமின்றிச் சந்திரனைப் பின்தொடர முடிந்தது.

இதன் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. ஜான் வாரன் என்னும் அதிகாரி 1825-இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த அட்டவணைகளைக் கொண்டே 1825-ஆம் ஆண்டின் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம். நடுநேரத்தில் இருபத்து மூன்று நிமிடம். முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடம். எழுதுகோலைத் தொடாத ஒருவர் இவ்வளவு அண்மையில் வந்தது வியப்புக்குரியது. அதே வேளையில் ஐம்பத்திரண்டு நிமிடம் பிழை என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறுவதே நேர்மையான வரலாறு ஆகும்.

பிழை எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் வகுத்த அளவுகளில் சிறு குறை இருந்தால் ஓராண்டில் அது தெரியாது. நூறாண்டில் திரண்டு நிற்கும். மெதுவாக ஓடும் கடிகாரத்தை ஒருநாள் பார்த்தால் குறை தெரியாது. ஒரு மாதம் திருப்பி வைக்காமல் விட்டால் ஆராதனை நேரமே தப்பிவிடும். கணக்கை வானத்தோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்துதல் வேண்டும். இதை உணர்ந்தவர் நம் நாட்டில் இல்லாமலில்லை. கேரளத்தில் நிளா ஆற்றங்கரை ஆலத்தூரில் வாழ்ந்த பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைத் தம் கண்ணால் பார்த்து, பழைய கணக்கைத் திருத்தி, 1431-இல் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். நிளா என்பது பாரதப்புழையின் மற்றொரு பெயர். நம் ஆனைமலையைத் தொட்டுச் செல்லும் ஆழியாறு மேற்கே சென்று அந்த ஆற்றில்தான் கலக்கிறது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சியும் தேவைப்படுகிறது. திருக்கணிதம் என்பதிலுள்ள முதற்பகுதியைத் திருமறை, திருச்சபை என்பவற்றில் வரும் 'திரு' என்றே பலர் கருதுகின்றனர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதினோம். அது வடமொழியின் 'த்ருக்' என்னும் சொல். பார்வை என்பது பொருள். கண்ணால் கண்டு சரிபார்த்த கணிதமே திருக்கணிதம்.

நுங்கம்பாக்கத்துத் தூண்

சென்னையில் வில்லியம் பெட்ரி என்னும் கும்பெனி அதிகாரி 1786-இல் எழும்பூரிலிருந்த தம் இல்லத்தில் தனிப்பட்ட முறையில் ஒரு வானாய்வுக் கூடத்தை அமைத்தார். கும்பெனி அதை ஏற்றுக்கொண்டு 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. அதன் நடுவே கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாக நடப்பட்டது பிரித்தானியரின் வள்ளன்மையால்தான் என்பதை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்பது அதன் கருத்து. 248 வாக்கியங்களை நெஞ்சில் சுமந்தவர்கள் வாழ்ந்த நாட்டில், அவர்கள் மொழியிலேயே அப்படி எழுதி வைத்தனர்.

இந்தத் தூணின் நிழலில்தான் இரகுநாதாச்சாரியார் இளமையிலேயே பணியில் சேர்ந்தார். அவர் சேர்ந்த காலத்தில் அக்கூடம் உலகப் புகழ் பெற்றிருந்தது. தாமஸ் கிளான்வில் டெய்லர் அங்கிருந்து 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்து 1840-களில் ஒரு பட்டியலாக வெளியிட்டிருந்தார். 1861-இல் நார்மன் ராபர்ட் போக்சன் கூடத்தின் தலைவராக வந்தார். விண்மீன்களின் ஒளித்தரத்துக்கு அளவுகோல் தந்தவர் இவரே. ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடாகும் என்றும், எனவே ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் 2.512 மடங்கு வேறுபாடு உண்டு என்றும் 1856-இல் அவர் வகுத்த முறையை உலகம் இன்றும் பின்பற்றுகிறது. சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17 அன்று, அவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவாதலின் அதற்கு ஏசியா என்றே பெயரிட்டார். முப்பது ஆண்டுகள் சென்னையிலேயே உழைத்து 1891-இல் இங்கேயே மரித்தார்.

போக்சன் காலத்தில் கூடத்தின் அன்றாடப் பணி மெரிடியன் சர்க்கிள் என்னும் கருவியைச் சார்ந்திருந்தது. உச்சிவட்டக் கருவி என்று நாம் அதைச் சொல்லலாம். அது வடக்கு தெற்காக மட்டுமே அசையும் தொலைநோக்கி. வானம் சுழலும்போது ஒவ்வொரு விண்மீனும் ஒருமுறை அதன் முன் கடந்து செல்லும். பார்வைக் குழாயினுள் மெல்லிய நூல்கள் நிறுத்தப்பட்டிருக்கும். விண்மீன் ஒவ்வொரு நூலையும் கடக்கும் கணத்தை, கடிகாரத்தின் ஓசையைக் காதால் கேட்டவாறே கண்ணால் கண்டு, நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை மதிப்பிட்டு எழுதுதல் வேண்டும். பின்பு கருவியின் வட்டத்தில் பொறித்துள்ள பாகைகளை நுண்நோக்கியால் படித்து உயரத்தைக் குறிக்கவேண்டும். அடுத்த விண்மீன் சில நிமிடங்களில் வந்துவிடும். பகலில் உட்கார்ந்து, காற்று ஒளியை வளைப்பதால் வரும் பிழையையும் கருவியின் சாய்வையும் கடிகாரத்தின் தாமதத்தையும் கழித்துக் கணக்கை முடிக்கவேண்டும். மறுநாள் இரவு மீண்டும் அதே பணி.

1862 முதல் 1887 வரை நடந்த இந்த அளவைகளிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடங்கள் உறுதியாயின. இப்பணியில் இந்திய உதவியாளர்களின் கண்ணும் காதும் பெரும்பங்கு சுமந்தன. அவர்களுள் முதல் உதவியாளராய் நின்றவர் இரகுநாதாச்சாரியார்.

மங்கி ஒளிரும் விண்மீன்

ஓர் இடத்தை அளந்து முடித்த பின் அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்புவதில் பயன் என்ன என்று மாணவர் கேட்கலாம். இரகுநாதாச்சாரியாரின் கண்டுபிடிப்பே அதற்கு விடை. தென்வானில் ரெட்டிக்குலம் என்னும் சிறு விண்மீன் குழுவில் உள்ள ஒரு விண்மீன் ஒளி மாறுகிறது என்பதை 1867 ஜனவரியில் அவர் கண்டறிந்தார். ஆர் ரெட்டிக்குலி என்பது அதன் பெயர். புதிய வானியல் முறைப்படி ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்த முதல் இந்தியராக அவர் போற்றப்படுகிறார்.

அந்த விண்மீன் ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்குகிறது. மிகுந்து ஒளிரும்போதும் வெறுங்கண்ணுக்கு எட்டாது. சிறு தொலைநோக்கியில் தெரியும். மங்கும்போது பெரிய தொலைநோக்கிக்கும் அரிதாகிவிடும். தை மாத முன்னிரவில் ஆனைமலையில் நின்று தெற்கே நோக்கினால், மலைமுகடுகளுக்குச் சற்று மேலே அந்தக் குழு தாழ்ந்து கடப்பதைக் காணலாம். இங்கிலாந்திலிருந்து அதைக் காணவே இயலாது. தெற்கே வாழ்வோருக்குக் கிடைத்த வானம் அது.

அவர் புதிதாக ஒன்றைத் தேடிச் செல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. முன்பு எழுதிய ஒளித்தரத்தோடு இன்று கண்ணில் படுவதை ஒப்பிட்டார்; வேறுபாடு இருந்தது. கருவியின் பிழை என்றோ எழுதியவரின் கைத்தவறு என்றோ அதைத் தள்ளிவிடுதல் எளிது. அவர் தள்ளாமல் மீண்டும் பார்த்தார். பரமேசுவரர் கிரகணங்களில் செய்ததும் இதுவேயன்றோ?

அவிநாசியில் ஒரு காலை

1868 ஆகஸ்டு 18 அன்று தென்னிந்தியாவைக் கடந்த முழுச் சூரிய கிரகணம் வானியல் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. சூரிய ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்தபோது அதுவரை அறியாத ஒரு மஞ்சள் கோடு தோன்றிற்று. பிற்காலத்தில் ஈலியம் எனப் பெயர் பெற்ற தனிமத்தின் அடையாளம் அது. 1895-இல்தான் அத்தனிமம் பூமியில் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டினத்துக்குச் சென்றார். இரகுநாதாச்சாரியார் நிசாமின் ஆட்சிப் பகுதியிலிருந்த வனபர்த்திக்குச் சென்றார்.

மூன்று ஆண்டுகளில் அடுத்த முழுக் கிரகணம் வந்தது. 1871 டிசம்பர் 12 காலையில் நிழல் மலையாளக் கரையில் இறங்கி, நீலகிரியைக் கடந்து, கோயம்புத்தூர் மாவட்டத்தின் வழியே புதுக்கோட்டையையும் யாழ்ப்பாணத்தையும் நோக்கி ஓடிற்று. ஐரோப்பிய அறிஞர் பலர் அந்தப் பாதையில் ஆங்காங்கே தங்கினர். இங்கிலாந்தின் லாக்கியர் பேக்கல் கோட்டையிலும், பிரான்சின் ஜான்சன் நீலகிரியின் சோலூரிலும், தென்னன்ட் என்னும் அதிகாரி தொட்டபெட்டாவிலும் கருவிகளை நிறுத்தினர். சென்னை வானாய்வுக் கூடத்தார் தெரிந்துகொண்ட இடம் அவிநாசி. இன்று அது திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது.

முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் மீட்டுத் தந்ததாகக் கூறும் பழங்கதை அவிநாசிக் கோயிலோடு இணைந்தது. கொங்கு நாட்டில் அதை அறியாதவர் இரார். கிரகணத்தையும் நம் மக்கள் பாம்பு விழுங்கி உமிழ்வதாகவே கூறி வந்தனர். அந்த ஊரில், கோளின் நிழலை நொடிக் கணக்கில் அளக்கும் கருவிகளோடு ஒரு வைணவப் பண்டிதர் வந்து நின்றதை எண்ணிப் பார்க்கிறோம். கிரகணத்துக்குரிய சடங்குகளின் காலத்தை அவர் அறிவார். அதே கிரகணத்தின் கணக்கையும் அறிவார்.

அன்று விடைதேட வேண்டிய வினா ஒன்று இருந்தது. முழுமறைவின்போது சூரியனைச் சுற்றித் தோன்றும் வெண்மகுடம் சூரியனுக்கே உரியதா, அன்றி நம் காற்று மண்டலம் காட்டும் மாயத்தோற்றமா? முழுமறைவு நீடித்தது ஏறத்தாழ இரண்டு நிமிடமே. அத்தனை ஆயத்தமும் பயணமும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே. அன்று பல இடங்களில் கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, வெண்மகுடம் சூரியனுக்கே உரியது என்பது உறுதிப்பட்டது. சூரியனின் ஒளியே அதில் ஒரு பகுதி எதிரொளிக்கிறது என்பதை ஜான்சன் சோலூரில் கண்டார். ஒருவர் தனித்துக் கண்டதாக மட்டும் இருந்திருந்தால் ஐயம் நீடித்திருக்கும். பேக்கலிலும் மலைமேலும் சமவெளியிலும் யாழ்ப்பாணத்திலும் நின்ற பல சாட்சிகளின் வாக்கு ஒத்து நின்றமையால் உண்மை நிலைபெற்றது.

அடுத்த மாதம், 1872 ஜனவரியில், இரகுநாதாச்சாரியார் இலண்டன் அரச வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

வீட்டு மொழியில் வானியல்

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் நல்ல உதவியாளர் என்ற பெயரோடு மறைந்திருப்பார். அவர் தம் இரவுப் பணியில் அறிந்ததைப் பகலில் தம் மக்களிடம் கொண்டு சென்றார். கிரீனிச்சு வானாய்வின் அளவைகளை அடிப்படையாகக் கொண்ட கப்பல் பஞ்சாங்கத்தைத் துணைக்கொண்டு, கண்ணுக்குப் பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை ஆண்டுதோறும் கணித்து வெளியிட்டார். புதியதொரு சமயத்தை நாட்ட அவர் இதைச் செய்யவில்லை. நோன்பும் திதியும் கிரகணக் கடனும் உரிய வேளையில் நிகழவேண்டுமென்றால் வேளை சரியாக இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. பழைய வாக்கியத்தைக் கைவிட மனமில்லாதோர் எதிர்த்தனர். முன்னோர் கணக்கைத் திருத்தலாமா என்பது அவர்கள் வினா. வானத்தைப் பார்த்தே முன்னோர் கணித்தனர். நாமும் வானத்தைப் பார்ப்பதே அவர்களைப் பின்பற்றுவது என்பது அவர் பணியிலிருந்து நாம் பெறும் விடை.

1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடந்தது. சூரியனின் தொலைவை அளக்க உதவும் அரிய நிகழ்ச்சி அது. அதன்பின் 1882-இலும், நம் காலத்தில் 2004, 2012-ஆம் ஆண்டுகளிலும் நிகழ்ந்தது. இனி 2117-இல்தான் நிகழும். அதைப் பொதுமக்களுக்கு விளக்க இரகுநாதாச்சாரியார் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்திலும் கன்னடம், உருது முதலிய இந்திய மொழிகளிலும் அது வெளிவந்தது. பண்டிதர் ஒருவரும் அவரைக் கேள்வி கேட்போரும் உரையாடுவதாக அது அமைந்துள்ளது. கேட்போரின் பழைய கருத்துகளை இகழாமல், அங்கிருந்தே தொடங்கி, புதிய விளக்கத்துக்கு அவர்களை நடத்திச் செல்லும் போதனை முறை அது. அதே ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் ஆற்றிய உரையில், இந்திய மாணவர் வானியல் பயில ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று வேண்டினார்.

1880 பிப்ரவரி 5 அன்று அவர் மறைந்தார். இறுதிவரை அவர் வகித்த பதவி உதவியாளர் பதவியே. அந்தக் கூடத்தின் தலைமை இந்தியர் ஒருவருக்கு அன்று கிட்டும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். பஞ்சாங்கப் பணியை அவர் குடும்பத்தார் தொடர்ந்தனர். இன்று தமிழ்நாட்டு வீடுகளில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர் அவர் பணியின் பயனைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

இருவகைத் திருத்தம்

இதே காரியத்தைக் கிறிஸ்தவர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரான டேனியல் பூர், 1829 மார்ச்சு மாதத்துச் சந்திர கிரகணத்தை முன்னிட்டு, வண்ணார்பண்ணை விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பில் பிழை இருப்பதாக அறிவித்தார். கிரகண இரவில் பூரின் கணக்கே வானத்தோடு பொருந்தியது. செமினரி மாணவர் மகிழ்ந்தனர். வானியல் கற்றால் மக்கள் பஞ்சாங்கத்தை விடுவர், பஞ்சாங்கத்தை விட்டால் பழைய சமயத்தையும் விடுவர் என்று மிஷனெரிமார் எதிர்பார்த்தனர்.

செமினரி தந்த கல்வியின் நன்மையை நாம் மறுக்கவில்லை. தமிழில் அறிவியல் வளர அது செய்த தொண்டு பெரிது. ஆனால் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கணிதத்தில் தோற்ற மரபு சமயத்திலும் தோற்றுவிடும் என்ற எண்ணமே தவறு. நாட்டு மக்கள் சரியான கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் வழிபாட்டையும் காத்துக்கொண்டார்கள். பூரும் இரகுநாதாச்சாரியாரும் சுட்டிய பிழை ஏறத்தாழ ஒன்றே. ஒருவர் எதிர்க்கரையில் நின்று சுட்டினார். மற்றவர் அதே வீட்டில் உட்கார்ந்து திருத்தினார்.

நம் சொந்த வீட்டிலும் இதற்கொத்த நிகழ்ச்சி உண்டு. போக்சனுக்குப்பின் 1891-இல் சென்னைக் கூடத்தின் தலைமையை ஏற்றவர் சார்லஸ் மிக்கி ஸ்மித். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். போக்சனும் இரகுநாதாச்சாரியாரும் பிறரும் அளந்து வைத்து, அச்சேறாமல் குவிந்திருந்த அளவைகள் வெளிவரும்படி செய்தவர் அவரே. அவருடைய தமையனார் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் என்பதை இறையியல் மாணவர் மறவாதிருத்தல் நலம். ஸ்காத்லாந்து சுயாதீன சபையின் அபர்தீன் கல்லூரியில் எபிரெயப் பேராசிரியராக இருந்த அவர், வேதாகம நூல்கள் உருவான வரலாற்றை ஆராய்ந்து 1875-இல் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதினார். அவர் சபையை விட்டு வெளியேறிப் பேசவில்லை. அதன் உள்ளே நின்று, வேதத்தின்மேலுள்ள அன்பினாலேயே ஆராய்ந்ததாகக் கூறினார். சபை அவரை விசாரித்து 1881-இல் பதவியிலிருந்து நீக்கியது. அவர் கூறியவற்றில் பல இன்று நம் இறையியல் கல்லூரிகளில் பாடமாக இருக்கின்றன.

தமையன் சபைக்குள்ளிருந்த வாக்கிய மரபினரால் தண்டிக்கப்பட்டார். தம்பியோ, தம் மரபினரிடம் அதே எதிர்ப்பைச் சந்தித்த ஒரு வைணவரின் விண்மீன் அளவைகளை அச்சேற்றினார். முன்னோர் கணக்கைத் திருத்தலாமா என்ற வினா சென்னையில் மட்டும் கேட்கப்பட்டதன்று.

மிக்கி ஸ்மித் தெரிந்துகொண்ட இடமே கொடைக்கானல். 1899 முதல் அங்கே சூரிய ஆய்வு நடைபெறலாயிற்று. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் அங்கே கண்டறிந்தார். ஆனைமலைத் தொடர் கிழக்கே பழனிமலையோடு இணைந்து செல்லும் வழியில்தான் அந்த ஆய்வுக்கூடம் நிற்கிறது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனின் படங்கள் அங்கே சேர்ந்துள்ளன.

முடிவுரை

நம் பிழை ஒன்றையும் இங்கே அறிக்கையிடுதல் முறையாகும். இறையியல் பட்டம் பெற்று இப்பகுதிக்கு முதன்முறையாக வந்த புதிதில், ஒரு புத்தாண்டு ஆராதனையில் பஞ்சாங்கத்தைப் பிரசங்க பீடத்திலிருந்து எள்ளி நகையாடினோம். இரண்டு பஞ்சாங்கம் இரண்டு நாளைச் சொல்கின்றன, இவற்றை நம்புவோர் உண்டோ என்று கேட்டோம். சபையார் சிரித்தனர். ஒலிபெருக்கி வீதிக்கும் கேட்டது. மறுநாள் அக்கம்பக்கத்தில் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் முதியவர் ஒருவர் நம்மை வழியில் நிறுத்தினார். கோபமில்லாமல், "ஏனுங்க ஐயா, கணக்குல தப்பிருந்தாத் திருத்திச் சொல்லுங்க. கணக்குப் போட்டவங்களை எதுக்குங்க ஏசறீங்க?" என்றார். நாம் விடையின்றி நின்றோம். பிற்பாடு அவரே நமக்குத் தென்வானத்து விண்மீன்களைப் பெயர் சொல்லிக் காட்டித் தந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்பால் நாம் மன்னிப்புக் கேட்டதில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

இரகுநாதாச்சாரியாரின் வாழ்க்கையை நாம் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். சங்கீதக்காரன் வானத்தை நோக்கித் தன் சிறுமையை உணர்ந்ததை நாம் அடிக்கடி போதிக்கிறோம். வானத்தைப் பார்த்துத் தம் கணக்கின் பிழையை உணர்ந்தவரையும் போதனையில் குறிப்பிடலாம். நம்மிடமும் வாக்கியங்கள் உண்டு: தலைமுறை தலைமுறையாய் மனப்பாடம் செய்த விளக்கங்கள், நியமங்கள், சபை வழக்கங்கள். அவற்றைத் தந்தவர் அறிவிலிகள் அல்லர். அவர்களும் கண்ணால் கண்டே கூறினர். அவற்றைக் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை நம்மைச் சேர்ந்தது. ஒப்பிடும்போது வேறுபாடு தோன்றினால் அதை மறைப்பதும் தகாது. வேறுபாட்டைக் காட்டி முன்னோரை ஏளனம் செய்வதும் தகாது.

இறையியல் கல்லூரிகள் மாணவரை ஆண்டுக்கு ஓரிரவேனும் திறந்தவெளிக்கு அழைத்துச் சென்று விண்மீன்களை அறிமுகம் செய்தல் நன்று. சென்னை செல்வோர் நுங்கம்பாக்கத்துத் தூணைப் பார்த்து வருதல் வேண்டும். கல்லில் எழுதியதைப் படிக்கும்போது, அதில் எழுதப்படாத பெயர்களையும் நினைத்தல் வேண்டும்.

ஊசித்துளையில் கிரகணம் பார்த்த அந்தச் சிறுவன் இன்று வாலிபனாய்ப் பொள்ளாச்சியில் கல்லூரிக்குச் செல்கிறான். சென்ற மாதம் ஆராதனை முடிந்தபின் அவனை அழைத்து, அன்று சொல்லாமல் விட்ட பெயரைச் சொன்னோம். அவிநாசி என்றதும் வியந்தான். "அங்கே எந்த இடத்தில் நின்று பார்த்தார்களாம் ஐயா?" என்று கேட்டான். ஒருநாள் இருவரும் சென்று விசாரிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.